நம் பிரதிநிதியை யார் தேர்ந்தெடுப்பது? சேரியிலிருந்து ஓர் அரசியல் ஒப்பீடு

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'உலக நாடுகளின் அரசியல் முறைகளை ஒப்பிடுக' என்ற கேள்வியை அரசறிவியல் படித்தவர்கள் எல்லோரும் தேர்வில் சந்தித்திருப்பீர்கள். பிரிட்டனில் நாடாளுமன்ற முறை, அமெரிக்காவில் அதிபர் முறை, சுவிட்சர்லாந்தில் மக்கள் நேரடியாக வாக்களித்துச் சட்டம் செய்யும் முறை என்று பிரித்து எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தப் பாடத்தில் நமக்கு வேண்டிய ஒரு கேள்வி இல்லை. ஒரு நாட்டில் ஒரு கூட்டம் எண்ணிக்கையில் என்றென்றும் சிறியது. பெரிய கூட்டம் அதைத் தொடக்கூட மறுக்கிறது. அந்தச் சிறிய கூட்டத்தின் கையில் மேற்சொன்ன முறைகளில் எது எவ்வளவு அதிகாரத்தைத் தருகிறது?

1930ஆம் ஆண்டின் கடைசியில் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் இருவர். ஒருவர் பாபாசாகேப் அம்பேத்கர். இன்னொருவர் யாருடைய நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோமோ அந்த இரட்டைமலை சீனிவாசன். அவர்கள் கேட்ட கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சில நாடுகளைச் சுற்றி வந்து, கடைசியில் நம் ஊருக்கே திரும்புவோம்.

லண்டனிலிருந்து எரவாடா வரை

முதல் மாநாட்டில் இருவரும் சேர்ந்து அளித்த கோரிக்கை பலர் நினைப்பதைவிட நிதானமானது. வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும். முதல் பத்தாண்டுகளுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டும். அதன் பிறகு இட ஒதுக்கீட்டுடன் கூடிய கூட்டுத் தொகுதிக்கு மாறலாம். ஆனால் அனைவருக்கும் வாக்குரிமை இல்லாதவரை, எங்கள் விருப்பத்துக்கு மாறாகக் கூட்டுத் தொகுதியை எங்கள்மேல் சுமத்தக் கூடாது. இதுதான் அதன் சாரம்.

வாக்குரிமையை ஏன் நிபந்தனையாக வைத்தார்கள்? அன்று வாக்கு என்பது சொத்தையும் வரியையும் பொறுத்தது. நிலமில்லாத கூலிக்கு வரிச்சீட்டு ஏது? நம்மவர்களில் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றவர்கள் மிகச் சிலரே. அக்கரையில் இலங்கையில் 1931இல் ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. டொனமூர் ஆணையக் குழு அதைப் பரிந்துரைத்தபோது எதிர்த்தவர்களில் சர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். வெள்ளைக்காரனிடம் உரிமை கேட்ட தமிழ்த் தலைவருக்குத் தன் ஊர்ச் சாதி அடுக்கின் கீழே இருப்பவன் வாக்களிப்பது ஆகாத காரியமாகப் பட்டது. பாக் நீரிணையின் இரு கரையிலும் அன்று கதை இதுதான்.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டின் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தது. அதன்படி நமக்கு இரண்டு வாக்குகள். பொதுத் தொகுதியில் எல்லோரையும் போல ஒன்று. நாம் மட்டுமே வாக்களிக்கும் தனித் தொகுதியில் இன்னொன்று. முதல் வாக்கு இருக்கும்வரை பொது வேட்பாளர் சேரிக்கு வந்து கும்பிட்டாக வேண்டும். இரண்டாவது வாக்கு இருக்கும்வரை நம் பிரதிநிதி நம்மிடம் மட்டுமே கணக்குச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 20இல் எரவாடா சிறையில் காந்தியார் உண்ணாவிரதம் தொடங்கினார். 24இல் புனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கரோடு சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டார்கள். மாகாண சபைகளில் நமக்கு 148 இடங்கள்; அதில் சென்னை மாகாணத்துக்கு 30. முந்தைய தீர்ப்பைவிட இடங்கள் கூடின. இரட்டை வாக்கு போயிற்று. அதற்கு ஈடாக ஒரு முதனிலைத் தேர்தல் வந்தது. அதில் நம் வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரை எல்லா வாக்காளர்களும் சேர்ந்து இறுதியாகத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தொகுதியில் நூறு வாக்குகள். இருபது நம்முடையவை, எண்பது மற்றவர்களுடையவை. நம்மில் இருவர் போட்டியிடுகிறார்கள். முதலாமவருக்கு நம் இருபதில் பதினெட்டு விழுகிறது. வெளியிலிருந்து இருபது கிடைக்கிறது. மொத்தம் முப்பத்தெட்டு. இரண்டாமவருக்கு நம்மிடம் கிடைத்தது இரண்டே வாக்கு, வெளியில் அறுபது. அறுபத்திரண்டு வாக்குகளோடு அவர் வெற்றி பெறுகிறார். நாளை சட்டமன்றத்தில் 'தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதி' என்று எழுந்து பேசப்போகிறவர் இவர்தான். இதில் கள்ள வாக்கு இல்லை, அடிதடி இல்லை. எல்லாம் சட்டப்படி நடந்தது.

1945-46 தேர்தலுக்குப் பின் அம்பேத்கர் சுட்டிக்காட்டியதும் இதைத்தான். முதனிலைத் தேர்தலில் முன்னால் நின்ற பட்டியல் சாதியினர் சம்மேளன வேட்பாளர்கள் இறுதித் தேர்தலில் தோற்கடிக்கப்பட்டார்கள். பின்னர் அரசியலமைப்புச் சட்டம் வந்தபோது அந்த முதனிலைத் தேர்தலும் இல்லாமல் போனது.

இங்கே மாணவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்.சி. ராஜா 1932இன் தொடக்கத்தில் மூஞ்சேயோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கூட்டுத் தொகுதியை ஆதரித்தவர். அதை வைத்து அவரை ஒரே வரியில் ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. ஊரோடு தினமும் வாழ வேண்டிய சிறு கூட்டம் ஊரிலிருந்து முற்றிலும் பிரிந்து நின்றால் என்ன ஆகும் என்ற அச்சத்தைப் பொய் என்று தள்ள முடியாது. அந்த அச்சத்துக்கும் அம்பேத்கரின் வாதத்துக்கும் வேறு நாடுகளில் என்ன விடை கிடைத்தது என்று பார்ப்போம்.

நியூசிலாந்து: அவர்கள் ஒதுக்கிய இடம், இவர்கள் கைப்பற்றிய இடம்

நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு 1867இல் நான்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன. நல்லெண்ணம் மட்டும் அதற்குக் காரணமில்லை. அன்று வாக்குரிமை தனிச் சொத்தைப் பொறுத்தது. மாவோரிகளின் நிலமோ குலத்தின் பொதுச் சொத்து. அதனால் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை. நான்கு இடங்களைத் தனியாகக் கொடுத்து, 21 வயதான மாவோரி ஆண்கள் அனைவரையும் அதில் வாக்களிக்கவிட்டார்கள். மக்கள்தொகைப்படி பார்த்தால் அவர்களுக்குப் பல மடங்கு இடங்கள் வந்திருக்க வேண்டும். நான்கு என்ற எண் 1990கள் வரை மாறவில்லை. வெள்ளையருக்கு 1870இலேயே வந்த இரகசிய வாக்கு மாவோரிகளுக்கு 1938இல்தான் வந்தது. 1967 வரை பொதுத் தொகுதியில் மாவோரி ஒருவர் நிற்கவும் முடியாது.

ஆக, அந்தத் தனித் தொகுதி முதலில் ஒரு பட்டிதான். ஆனால் அதன் சாவி மாவோரி வாக்காளர் கையில் இருந்தது. 1975இல் பொதுப் பட்டியலா, மாவோரிப் பட்டியலா என்று ஒவ்வொரு மாவோரியும் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை வந்தது. 1986இல் ஓர் அரச ஆணையம், விகிதாச்சார முறைக்கு மாறும்போது மாவோரி இடங்களை எடுத்துவிடலாம் என்றது. மாவோரிகள் விடவில்லை. 1996இல் புதிய முறையில் முதல் தேர்தல் நடந்தபோது இடங்கள் இருந்தன. எத்தனை பேர் மாவோரிப் பட்டியலில் சேர்கிறார்களோ அதற்கேற்ப எண்ணிக்கை கூடும் என்ற விதியும் சேர்ந்தது. 2002 முதல் ஏழு இடங்கள்.

அந்தச் சாவி எதற்குப் பயன்பட்டது? 2003இல் கடற்கரை நிலத்தின்மேல் மாவோரிகள் மரபுரிமை கோரலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆளும் தொழிற்கட்சி அதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. அதே கட்சியின் அமைச்சர் தாரியானா துரியா என்ற மாவோரிப் பெண்மணி சட்டத்தை எதிர்த்தார். 2004இல் பதவியையும் கட்சியையும் உறுப்பினர் இடத்தையும் விட்டு விலகினார். தன் மாவோரித் தொகுதியிலேயே இடைத்தேர்தலில் நின்றார். பெரிய கட்சிகள் அதில் போட்டியிடவில்லை. பெருவாரியான வாக்குகளில் வென்று, மாவோரிக் கட்சியின் முதல் உறுப்பினராகத் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு பொதுத்தேர்தலில் அந்தக் கட்சிக்கு நான்கு இடங்கள். எந்தச் சட்டத்தை எதிர்த்து அவர் வெளியேறினாரோ, அது 2011இல் நீக்கப்பட்டு வேறு சட்டம் வந்தது.

அதே நிலையில் நம் தனித்தொகுதி உறுப்பினர் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். சேரி நிலத்துக்கு எதிராகத் தன் கட்சி ஒரு சட்டம் கொண்டுவருகிறது. அவர் எதிர்த்து வாக்களித்தால் 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி போகும். விலகி மீண்டும் நின்றால், தொகுதியில் முடிவு செய்யப்போவது அந்தச் சட்டத்தால் பலன் பெறும் பெரும்பான்மை. நம்மவர்களில் மானமுள்ளவர்கள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மானத்தோடு நின்றவன் மறுபடி வெல்வதற்கு வழி அடைபட்டிருக்கிறது.

தென்னாப்பிரிக்கா: தனிப் பட்டியல் கூண்டான கதை

அப்படியானால் தனி வாக்காளர் பட்டியல் எங்கும் நல்லதா? தென்னாப்பிரிக்கா நேர் எதிரான பாடத்தைச் சொல்கிறது.

கேப் பகுதியில் 1853 முதல் சொத்துத் தகுதி உள்ள கறுப்பினத்தவர்கள் வெள்ளையரோடு ஒரே பட்டியலில் வாக்களித்தார்கள். தகுதியை ஏற்றி ஏற்றி எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஆனாலும் சில தொகுதிகளில் அந்த வாக்குக்கு மதிப்பு இருந்தது. 1936இல் அவர்களைப் பொதுப் பட்டியலிலிருந்து பெயர்த்துத் தனிப் பட்டியலில் போட்டார்கள். அந்தப் பட்டியல் கீழவைக்கு மூன்று உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கலாம். மூவரும் வெள்ளையராகவே இருக்க வேண்டும். 1956இல் கலப்பினத்தவர்களும் பொதுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1959இல் வந்த சட்டம் கறுப்பினத்தவரின் அந்த மூன்று இடங்களையும் ஒழித்தது. 'உனக்குத் தனி நாடே தருகிறோம்' என்று பாந்துஸ்தான்களைக் காட்டினார்கள்.

'தனி' என்ற சொல் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். தென்னாப்பிரிக்காவில் தனிப் பட்டியலை ஆண்டவன் கேட்டான். லண்டனில் அதை அடிமைப்பட்டவன் கேட்டான். அங்கே பொது வாக்கைப் பிடுங்கிக்கொண்டு தனி வாக்கைத் தந்தார்கள். 1932இல் நமக்குப் பொது வாக்கோடு கூடுதலாகத் தனி வாக்கு தரப்பட்டது. அங்கே தனிப் பட்டியலில் நின்றவன் வேறு இனத்தான். இங்கே நம்மவன் நின்று, நம்மவர் வாக்களித்திருப்பார்கள். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு முறையின் குணம் தெரியும்.

1994இல் விடுதலை பெற்ற தென்னாப்பிரிக்கா தனிப் பட்டியலையும் எடுக்கவில்லை, இட ஒதுக்கீட்டையும் எடுக்கவில்லை. 400 இடங்களையும் கட்சிகள் பெறும் வாக்கு விகிதப்படி பிரித்தது. சிதறிக் கிடக்கும் சிறு கூட்டமும் நாடு முழுவதும் தன் வாக்கைச் சேர்த்து ஓர் இடம் பெற முடியும். இதில் நமக்குக் கற்க வேண்டியது நிறைய உண்டு. குறையும் உண்டு. வேட்பாளர் வரிசையைக் கட்சித் தலைமை எழுதுகிறது. உறுப்பினர் வாக்காளரைவிடத் தலைமைக்கே அஞ்சுகிறார். சுயேச்சைகளும் நிற்க வழி செய்ய வேண்டும் என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளிக்க வேண்டி வந்தது.

அமெரிக்கா: சேரி கூட்டமாக இருந்தால்

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் போராட்டத்தை அம்பேத்கர் கூர்ந்து கவனித்தவர். ஐக்கிய நாடுகள் சபைக்கு அவர்கள் அளித்த மனுவைப் பற்றி விசாரித்து 1946இல் டபிள்யூ. இ. பி. டு போய்ஸுக்குக் கடிதமே எழுதினார்.

அங்கே 1870இல் 15ஆம் திருத்தம் வாக்குரிமையில் நிறபேதம் கூடாது என்றது. 1890இல் மிசிசிப்பி மாநிலம் தலைவரியும் எழுத்தறிவுத் தேர்வும் வைத்து அதை வெற்றுத் தாளாக்கியது; மற்றத் தென்மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1965இன் வாக்குரிமைச் சட்டம்தான் வாக்கை மீட்டுத் தந்தது. வாக்கு வந்தும் இடம் வரவில்லை. அலபாமாவில் மோபில் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நகர நிர்வாகத்துக்கு மூன்று பேர். மூவரையும் நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவர். ஆனால் ஒரு கறுப்பினத்தவர்கூட ஒருமுறையும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. நம் கூட்டுத் தொகுதிக் கணக்கு அங்கேயும் அப்படியே வேலை செய்தது. 1980இல் உச்ச நீதிமன்றம், பாகுபாடு காட்டும் நோக்கம் இருந்ததை நிரூபியுங்கள் என்று கேட்டது. 1982இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நோக்கத்தை நிரூபிக்க வேண்டாம், விளைவு பாதகமாக இருந்தாலே போதும் என்றது. மோபில் நகரம் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. கறுப்பின உறுப்பினர்கள் வந்தார்கள். வட கரோலினா மாநிலத்திலிருந்து 1901க்குப் பின் ஒரு கறுப்பினத்தவர்கூடக் காங்கிரஸுக்குச் செல்லவில்லை. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வரும்படி தொகுதிகள் வரையப்பட்ட பின் 1992இல் இருவர் சென்றார்கள். மறு ஆண்டே அந்தத் தொகுதியின் வடிவத்தை எதிர்த்த வழக்கை ஏற்று உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதிக்கத் தொடங்கியது. 2013இல் வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான காவல் ஒன்றையும் செயலிழக்கச் செய்தது.

இந்த வழி நமக்கு ஏன் திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் பெரும் குடியிருப்புகளாகச் சேர்ந்து வாழ்கிறார்கள்; கோடு போட்டால் ஒரு தொகுதி கிடைக்கும். நம் சேரியோ ஒவ்வொரு ஊருக்கும் ஒன்றாகச் சிதறிக் கிடக்கிறது. எப்படிக் கோடு போட்டாலும் உள்ளே ஊர்தான் பெரும்பான்மை. இன்று மக்களவையில் பட்டியல் சாதியினருக்கு 84 தனித்தொகுதிகள். தமிழகச் சட்டமன்றத்தில் 44. அவற்றில் பெரும்பாலானவற்றில் நாம் சிறுபான்மையினரே. 1947இல் அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதியோடு தனிக் குடியேற்றங்களையும் சேர்த்துக் கேட்டதன் காரணம் இந்த நில அமைப்பில் இருக்கிறது.

அமைச்சரவையை யார் தேர்ந்தெடுப்பது?

இதுவரை சட்டமன்ற இடத்தைப் பற்றி மட்டும் பேசினோம். ஆட்சியைப் பற்றியும் அம்பேத்கர் யோசித்தார். பட்டியல் சாதியினர் சம்மேளனத்தின் சார்பில் 1947இல் அளித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில், பிரிட்டிஷ் அமைச்சரவை முறை இந்தியாவுக்கு ஆகாது என்று வாதிட்டார். பிரிட்டனில் இன்றைய பெரும்பான்மை நாளை சிறுபான்மையாகலாம். அது கருத்தால் அமைவது. இங்கே பெரும்பான்மை பிறப்பால் அமைகிறது, அது மாறாது. எனவே இடையில் கவிழ்க்க முடியாத நிர்வாகம் வேண்டும்; பிரதமரை அவை முழுவதும் மாற்று வாக்கு முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும்; சிறுபான்மையினரின் அமைச்சர்களை அந்தந்தச் சிறுபான்மையினரின் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்.

சுவிட்சர்லாந்தில் இதைப் போன்ற நிர்வாகம் இருக்கிறது. ஏழு பேர் கொண்ட குழுவை நாடாளுமன்றம் நான்காண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறது. இடையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கிடையாது. பல மொழியினரும் பல கட்சியினரும் அதில் பங்கு பெறுகிறார்கள். அதே நாட்டில் பெண்களுக்கு வாக்கு வேண்டுமா என்று 1959இல் ஆண்களிடம் வாக்கெடுத்து 'வேண்டாம்' என்ற விடை வந்தது. 1971 வரை பெண்கள் காத்திருந்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்குள் பங்கு பிரிக்கும் முறை, வெளியே நிற்பவருக்குக் கதவைத் திறந்துவிடும் என்று எந்த உறுதியும் இல்லை.

1948 நவம்பர் 4இல் அரசியலமைப்பு வரைவை அவையில் வைத்துப் பேசியபோது அம்பேத்கர் அமெரிக்க முறை நிலைத்தன்மையைத் தருகிறது, பிரிட்டிஷ் முறை பொறுப்பைத் தருகிறது, வரைவு பொறுப்பையே தெரிந்தெடுத்திருக்கிறது என்று விளக்கினார். பாடப்புத்தகங்கள் இந்த உரையோடு நின்றுவிடுகின்றன. அன்று அவர் வரைவுக் குழுவின் தலைவராக அவையின் முடிவை முன்வைத்தார். முந்தைய ஆண்டு தம் மக்களின் வழக்கறிஞராக எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் அவருடைய அரசியல் ஒப்பீட்டைப் படித்ததாகாது.

அதே அரசியலமைப்பு அவையில் 1947 ஆகஸ்டில் சென்னை மாகாணத்து உறுப்பினர் எஸ். நாகப்பா ஒரு நடுவழியைச் சொன்னார். கூட்டுத் தொகுதியே இருக்கட்டும். ஆனால் தனித்தொகுதியில் வெல்பவர் தம் சமூகத்தார் அளித்த வாக்கில் குறைந்தது 35 விழுக்காடாவது பெற்றிருக்க வேண்டும் என்றார். வல்லபாய் படேல் கடுமையாக எதிர்த்தார். திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. நம் கணக்கில் இரண்டு வாக்கு வாங்கிய வேட்பாளரை அந்த ஒரு விதி தடுத்திருக்கும்.

ஊருக்குத் திரும்புவோம்

முதல் இரண்டு பொதுத்தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஓர் இடம் பொது, ஓர் இடம் தனி. 1952இல் அப்படியொரு தொகுதியில் வட பம்பாயில் நின்ற அம்பேத்கரே தோற்றார். 1957இல் பார்வதிபுரம் தொகுதியில் பழங்குடியினர் இருவர் அதிக வாக்குகள் பெற்று இரண்டு இடங்களையும் வென்றார்கள், தோற்றவர் வி. வி. கிரி. அவர் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்றார். ஒதுக்கீடு பெற்றவர் பொது இடத்துக்கும் தகுதியானவரே என்று 1959இல் தீர்ப்பு வந்தது. 1961இல் இரட்டை உறுப்பினர் முறையே ஒழிக்கப்பட்டது.

தமிழகத்தில் 1996இல் ஊராட்சித் தலைவர் பதவிகளுக்கு ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் பத்தாண்டுகள் தேர்தல் முறையாக நடக்கவில்லை. வேட்புமனுவே இல்லை, அல்லது ஊர் நிறுத்திய ஆள் வென்று உடனே விலகுவார். 2006இல்தான் அங்கே தலைவர்கள் பதவியேற்றார்கள். மேலவளவில் முருகேசன் தேர்தலில் நின்றார், வென்றார். 1997 ஜூன் 30இல் தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். சென்னைக்கும் தில்லிக்கும் நம்மவர் உறுப்பினராகச் செல்வதை ஊர் பொறுத்துக்கொண்டது. ஊர் நடுவில் நாற்காலியில் அமர்ந்து, காசோலையில் கையெழுத்துப் போட்டு, தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வதை அது பொறுக்கவில்லை. எந்த அதிகாரம் உண்மையானது என்பதை எதிரி நமக்கு முன்பே அறிந்திருந்தான்.

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் நமக்கான ஒதுக்கீடு பத்தாண்டுக்கு ஒருமுறை நீட்டிக்கப்பட்டு வருகிறது. இப்போதைய காலக்கெடு 2030 ஜனவரியில் முடிகிறது. அன்றும் எல்லாக் கட்சிகளும் கைதூக்கி இன்னொரு பத்தாண்டுக்கு நீட்டித்துவிட்டு, அதைப் பெரிய உபகாரமாகச் சொல்லிக்கொள்வார்கள். நீட்டிப்பு வேண்டும்; அதைக் கேட்பதில் நமக்குத் தயக்கமில்லை. அதோடு, எந்த வடிவில் நீட்டிப்பது என்ற விவாதத்தையும் நாம் கிளப்ப வேண்டும். இரட்டை வாக்கு, முதனிலைத் தேர்தல், நாகப்பா சொன்ன குறைந்தபட்ச வாக்கு, விகிதாச்சார முறை ஆகிய நான்கும் மேசையில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உள்ள ஆபத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். தென்னாப்பிரிக்கா அதற்கு எச்சரிக்கை.

என் சார்பு இதுதான்: பொது வாக்கை ஒருபோதும் விட்டுக்கொடுக்காமல், அதன்மேல் கூடுதலாக ஒரு பிடி கேட்க வேண்டும். நீங்கள் மறுக்கலாம், மறுப்பவர்கள் வேறு வழியோடு வாருங்கள். மாணவர்கள் தம் சொந்தத் தனித்தொகுதியிலிருந்து தொடங்கலாம். வாக்குச்சாவடிவாரி முடிவுகளை எடுத்து, சேரி வாக்குச்சாவடிகளில் முதலிடம் பெற்றவர் யார், தொகுதியில் வென்றவர் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். 2030க்குள் தமிழகத்தின் 44 தொகுதிகளுக்கும் அந்தத் தாள் நம்மிடம் இருந்தால், லண்டனில் இருவர் கேட்ட கேள்வியை நாம் சான்றோடு கேட்க முடியும்.